தலைமாட்டில் அடையும் தண்ணீரும் வைத்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான எங்கள் பாளையங்கோட்டை சபையாருக்கும் தெருக்காரர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு வேலை போனதும் எனக்குத் தூக்கம் போனது உங்களில் பலருக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், விரல் நுனி மரத்துப்போகும், இதோ செத்துவிடுவேன் என்றே இருக்கும். மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடி இசிஜி எடுத்தோம். மூன்று தடவையும் இருதயத்தில் ஒன்றுமில்லை. "விசுவாசம் குறைந்தால் இப்படித்தான்" என்று ஒருவர் சொன்னார். அது படபடப்பைவிட அதிகமாக வலித்தது.

எங்கள் சபைப் போதகரான ஐயரவாள், உங்களுக்குத்தான் முதல் நன்றி. வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஐத் திறந்து, "போதும் கர்த்தாவே என்று எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்தபோது தூதன் பிரசங்கமா பண்ணினான்? தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, சாப்பிடு என்றுதானே சொன்னான்? மாத்திரை கொடுத்தால் ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடுங்கள் அம்மா" என்றீர்கள். மனநல டாக்டரின் வாசலை மிதிக்க அந்த வார்த்தைதான் எனக்குத் தைரியம் தந்தது.

டாக்டரம்மா, பயத்தில் வேகவேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துதான் விரல் மரக்கிறது என்று நீங்கள் விளக்கிய அன்றே எனக்குப் பாதி பாரம் இறங்கியது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொன்னீர்கள். அதை நான் 23-ஆம் சங்கீதத்தோடு சேர்த்துக்கொண்டேன். இழுக்கும்போது மனதுக்குள் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்". விடும்போது "நான் தாழ்ச்சியடையேன்", ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக. சாயங்காலக் காப்பியையும் நீங்கள் சொன்னபடி விட்டுவிட்டேன்.

எதிர்வீட்டு அக்கா, காலை ஐந்தரைக்கு நீங்கள் கேட்டைத் தட்டாத நாள் கிடையாது. வரமாட்டேன் என்று நான் படுத்துக்கிடந்த நாட்களில், முகம் கழுவி வரும்வரை நடையிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். வ.உ.சி. மைதானம் வரை நடக்கும்போது ஒரு புத்திமதியும் சொன்னதில்லை. முருங்கைக்காய் விலை, உங்கள் பேரனின் சேட்டை, இவ்வளவுதான் பேச்சு. அது எனக்கு எவ்வளவு பெரிய இளைப்பாறுதல் தெரியுமா!

பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளே, நீங்கள் முறை வைத்துக் கொண்டுவந்த சாப்பாட்டை மறக்க மாட்டோம். அதோடு ஒரு நோட்டும் கொடுத்தீர்களே! கவலைப்படாதே என்று நிறையப் பேர் சொன்னார்கள். எப்படி என்று பிலிப்பியர் 4:6-இன் பின்பாதிதான் சொன்னது: விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்த வேண்டும், அதுவும் ஸ்தோத்திரத்தோடே. முன்பெல்லாம் "ஆண்டவரே, காப்பாற்றும்" என்று மொத்தமாக அழுவேன். இப்போது ஒவ்வொன்றாக எழுதுகிறேன். "சின்னவளுக்கு ஸ்கூல் பீஸ் இரண்டாம் தவணை" என்பது முதல் பக்கத்து முதல் வரி. எழுதி, ஜெபித்து, நோட்டை மூடி வேதாகமத்துக்கு அடியில் வைத்துவிடுவேன். செல்போன் அடுப்படிக்குப் போய்விடும்.

இதை வாசிக்கிற யாருக்காவது என்னைப்போல் இருந்தால், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கூப்பிட வெட்கப்படாதீர்கள்.

போன வாரமும் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. யாரையும் எழுப்பவில்லை. சங்கீதத்தோடு மூச்சு விட்டேன். தலைமாட்டில் சின்னவள் தினமும் செம்பில் தண்ணீர் வைப்பாள். எழுந்து அதைக் குடித்தேன், திரும்பப் படுத்தேன். அடுத்து நான் கேட்டது அக்கா கேட்டைத் தட்டிய சத்தம்தான்.

உங்கள் அன்புச் சகோதரி