கை மடங்குகிறது, அதனால் வலி இல்லை என்று எழுதும் மருத்துவர்களுக்கு

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் கையெழுத்துப் போடும் மருத்துவர்களே, வணக்கம்.

என் அக்கா தையல் வேலை செய்கிறவள். போன வருஷம் கண்ணாடிச் சில்லு ஒன்று வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாகக் கிழித்துவிட்டது. ஏழு தையல். காயம் ஆறிவிட்டது, தழும்பும் மங்கிவிட்டது. ஆனால் இன்றைக்கும் மின்விசிறிக் காற்று புறங்கையில் பட்டால் "கொதிக்கிற எண்ணெயத் தெளிச்ச மாதிரி இருக்குடா" என்கிறாள். அந்தக் கையில் வளையல் போடுவதை விட்டுவிட்டாள். தைக்க உட்கார்ந்தால் துணி நழுவிப் புறங்கையில் உரசும், அதோடு அன்றைய வேலை முடிந்தது.

உங்களில் ஒருவர் அவளைப் பார்த்தார். கையை மடக்கு, நீட்டு, என் விரலை அழுத்திப் பிடி, அவ்வளவுதான். நரம்புப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஓர் உணர்வு நரம்பில் மட்டும் லேசான குறைவு, மற்றதெல்லாம் நார்மல். "செயல்பாட்டில் குறை இல்லை, வலி மிகைப்படுத்தப்படுகிறது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் பிளஸ் டூவுக்கு உயிரியல் பாடம் நடத்துகிறவன், மருத்துவன் இல்லை. ஆனாலும் அந்த ரிப்போர்ட் எதை அளக்கிறது என்று தெரியும். தடித்த, வேகமான நரம்பிழைகளை மட்டும்தான் அளக்கிறது. எரிச்சலைச் சுமந்து போகும் மெல்லிய இழைகள் அதில் தெரியவே தெரியாது. அதைவிட முக்கியம், அக்காவின் பிரச்சினை இப்போது மணிக்கட்டில் மட்டும் இல்லை, கழுத்துப் பகுதித் தண்டுவடத்துக்குள் போய்விட்டது.

அறுபட்ட உணர்வு நரம்பு சும்மா இருப்பதில்லை. யாரும் தொடாமலே சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சமிக்ஞைக்கும் தண்டுவடத்தின் பின்புறக் கொம்பில், அதாவது உணர்வு நரம்புகள் வந்து சேரும் பகுதியில், குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருள் கொட்டும். (சொந்தக்காரர்கள் உடனே அஜினோமோட்டோவை நிறுத்தச் சொன்னார்கள். வாயில் போடுகிற குளூட்டமேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது நரம்பு முனை தானே சேமித்து வைத்துத் தானே விடுவது.) அங்கே காத்திருக்கும் நரம்புச் செல்லில் என்எம்டிஏ என்று ஓர் ஏற்பி, குளூட்டமேட்டை வாங்கித் திறக்கும் வாசல் மாதிரி. சாதாரண நேரத்தில் அதன் வாயை ஒரு மக்னீசியம் அயனி தக்கை மாதிரி அடைத்திருக்கும். வலி வந்து போகும், தக்கை அப்படியே இருக்கும். இடைவிடாமல் குளூட்டமேட் கொட்டினால் செல்லின் மின்னழுத்தம் மாறித் தக்கை விலகும், கால்சியம் உள்ளே பாயும், அந்த இணைப்பே முன்னைவிடச் சத்தமாகப் பேசக் கற்றுக்கொள்ளும். சிந்திய குளூட்டமேட்டை வாரியெடுக்க வேண்டிய பக்கத்துத் துணைச் செல்களும் நரம்புக் காயத்துக்குப் பிறகு அந்த வேலையில் மந்தமாகிவிடுகின்றன, தடுத்து அடக்கும் செல்களும் பலவீனமாகின்றன, அதனால்தான் வெறும் தொடுகையைக் கொண்டுவரும் இழைகூட வலிச் செல்லைத் தட்டி எழுப்பிவிடுகிறது, அக்காவுக்கு மின்விசிறி எதிரியாகிவிடுகிறது.

இது நேற்று வந்த சேதியும் இல்லை. வலியை ஆராயும் நரம்பியல் விஞ்ஞானி கிளிஃபோர்ட் உல்ஃப் 1983லேயே எலிகளில் காட்டினார்: காயம்பட்ட இடத்தை மரத்துப்போகச் செய்த பிறகும் தண்டுவடத்தின் அந்தத் தூண்டல் அடங்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது எங்கே தெரியுமா? அக்கா தினமும் இரண்டு வேளை பிரிகாபாலின் என்ற நரம்பு வலி மாத்திரை சாப்பிடுகிறாள். எழுதிக் கொடுத்தவரும் ஒரு டாக்டர்தான். நரம்பு காயப்பட்டால் உணர்வு நரம்புச் செல்களில் ஆல்ஃபா2டெல்டா-1 என்ற புரதம் பெருகி, தண்டுவட முனை வரை போய், குளூட்டமேட் கொட்டுவதை அதிகமாக்குகிறது. அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் மாத்திரை அது. அதாவது ஒரு மேசையில் குளூட்டமேட்டைக் குறைக்க மருந்து, அடுத்த மேசையில் வலியே பொய் என்று கையெழுத்து. இரண்டில் எது சரி என்று உங்களுக்குள்ளாவது பேசிக்கொள்ளக் கூடாதா?

தண்டுவடத்தைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை. டிஎன்4 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஏழு கேள்வி, மூன்று சின்னப் பரிசோதனை, பத்துக்கு நான்கு வந்தாலே நரம்பு வலியாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தேவைப்படுவது ஒரு குண்டூசியும் ஒரு பிரஷும். அக்காவிடம் வீட்டில் நானே கேட்டுப் பார்த்தேன், ஏழு வந்தது. சரி, தம்பி போட்ட மார்க் என்று தள்ளிவிடலாம், நீங்களே போடுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் "இந்தப் பரிசோதனையில் வலியின் அளவு தெரியாது" என்றாவது எழுதுங்கள், அது உண்மையாவது. "மிகைப்படுத்தப்படுகிறது" என்ற சொல்லை எந்தக் கருவி அளந்து சொன்னது?

மறுபரிசீலனைக்கு மனு கொடுத்திருக்கிறோம், அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா இடது கையால் கதவைத் திறந்துகொண்டு வருவாள், முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தச் சொல்வாள். அறை புழுங்கினாலும் அந்தப் பத்து நிமிஷம் நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
அவள் தம்பி