கட்டட அனுமதியின் கால நீடிப்பைப் பொறுப்பெடுத்துவிட்டுக் கைவிட்டது தொடர்பான முறைப்பாடு

பொது முகாமையாளர் அவர்கட்கு,

வணக்கம். இணுவிலில் பாதியில் நிற்கும் என் வீட்டின் கோப்பு, வரைபடமும் சபை அனுமதியும் எடுத்துக் கொடுக்கும் உங்கள் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. யாழ்ப்பாணக் கிளையில் ஒவ்வொரு முறையும் இலக்கத்தைக் கேட்டுத் திறந்து பார்க்கிறார்கள், பிறகு 'வரும்' என்கிறார்கள். ஆகவே முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுதவில்லை. உங்கள் 'முழுப் பொறுப்பு' பொதியில் என்னென்ன அடங்கும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். வரைபடம் கீறுவது, பிரதேச சபை அனுமதி, தேவைப்பட்டால் கால நீடிப்பு, வீடு கட்டி முடிந்ததும் சபை தரும் இணக்கச் சான்றிதழ் (சிஓசி) என்று எல்லாம் நாங்களே என்று சொல்லித்தான் பணம் வாங்கினீர்கள்.

அனுமதி கிடைத்தது 2024 பெப்ரவரியில். ஒரு வருடம் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கதவு, யன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வரை வந்த வேலை, 2024 நவம்பர் வெள்ளத்தில் வளவு முழுக்கத் தண்ணீர் நின்றதால் நின்றுபோனது. அந்த மாரியில் யாழ்ப்பாணத்தில் யார்தான் கட்டட வேலை செய்தார்கள்? அதனால் 2025 தைப்பொங்கல் கழிந்த கையோடு, அனுமதி முடிய முன்பே, நீடிப்புக்கான கட்டணத்தையும் சபை முத்திரை குத்திய மூல வரைபடத்தையும் உங்கள் கிளையில் ஒப்படைத்தேன். பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. 'போட்டாச்சு அன்ரி' என்றார்கள். பிறகு சபை இல்லை என்றார்கள். உங்கள் முன்மேசையில் இருக்கும் தம்பி கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "சபை கலைஞ்சு கிடக்கு, எலெக்சன் முடியாமல் ஆர் கையெழுத்து வைக்கிறது? உங்களுக்கு மட்டும்தானோ வீடு?"

ஐயா, இதை எந்தத் துணிவில் என்னிடம் சொன்னார்? உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 தேர்தல் வரை செயலாளர்கள்தான் நிர்வாகம் நடத்தினார்கள். 2024இல் என் அனுமதி வந்ததும் அந்தக் காலத்தில்தானே! அனுமதி கொடுக்க இருந்த கை நீடிப்புக் கொடுக்க இல்லாமல் போய்விடுமா? சபை அனுமதி எடுப்பதையே தொழிலாகச் செய்யும் உங்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்துகொண்டே ஒரு வயதுபோன மனுசியை அலைய வைத்திருக்கிறீர்கள்.

அந்தத் தம்பியின் மேசையில் என் மூல வரைபடத்தையும் கண்டேன். அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்து எடுத்திருக்கிறார். குசினிப் பக்கத்து அளவுகளின் மேல் மண்ணிற வட்டம் ஒன்று. கேட்டதற்கு, "கொப்பிதானே அன்ரி" என்றார். அது கொப்பி அல்ல.

கொழும்புக்கு நான் போனதைச் சொல்ல மறந்துவிட்டேன். தலைமை அலுவலகத்தில் நேரே கையெழுத்து வைக்க வேண்டும் என்று உங்கள் கிளைதான் அனுப்பியது. முழங்கால் வருத்தத்தோடு இரவு பஸ்ஸில் போய், காலையிலிருந்து மத்தியானம் வரை அந்தக் கதிரையில் இருந்தேன். கடைசியில் ஒரு பிள்ளை வந்து, தண்ணீர் தந்து, "அம்மா, உங்கட ஃபைல் யாழ்ப்பாணத்திலதானே இருக்கு, இங்கை கையெழுத்து ஒண்டும் தேவையில்லை" என்றார். அவர் நல்ல பிள்ளை, அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பயணம் எதற்காக? என்னைக் கொஞ்ச நாள் கிளைப் பக்கம் வராமல் பண்ணுவதற்காகவா?

உண்மை தெரிந்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நானே சபைக்கு எழுதிய பிறகுதான். என் பெயரில் கால நீடிப்பு விண்ணப்பம் எதுவும் கிடைக்கவில்லை என்று கையெழுத்தோடு பதில் வந்திருக்கிறது. அதாவது நீங்கள் போடவே இல்லை. கட்டணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, போட்டாச்சு என்று என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

இப்போது அனுமதி காலாவதி. புதிதாக விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். வீதிக்கோட்டுச் சான்றிதழ், ஆதனவரிப் பற்றுச்சீட்டு, நில அளவை வரைபடம் எல்லாம் திரும்பவும். செல்லுபடியாகும் அனுமதி இல்லாமல் கூரைக்கான கடன் பகுதியைத் தர முடியாது என்று வங்கி நிறுத்திவிட்டது. அனுமதி இல்லாமல் ஒரு கல் வைத்தாலும் அது சட்டவிரோதக் கட்டடம் என்பதால் மேசனாரையும் அனுப்பிவிட்டேன். தூண்களில் நீட்டி நிற்கும் கம்பி துருப்பிடித்து, மழை பெய்தால் சுவரில் சிவப்பாக வழிகிறது. வாங்கி அடுக்கிய சீமெந்து கல்லாகிவிட்டது. 2022இல் பை ஒன்று 3000 ரூபாவைத் தாண்டியபோது மனதைக் கல்லாக்கித் தள்ளிப்போட்ட வீடு ஐயா இது. ஆசிரியத் தொழிலில் நான் சேர்த்தது முழுவதும் மண்ணாய்ப் போய்விட்டது. மகளுக்கு எழுதிக் கொடுக்க இருந்த வீடு. குடிபூரல் முடிந்துதான் கலியாணம் என்று பேசியிருந்தோம், மாப்பிள்ளை வீட்டார் இப்போது எங்களை ஏமாற்றுக்காரர் போலப் பார்க்கிறார்கள். அந்த மானத்துக்கு நீங்கள் என்ன விலை தருவீர்கள்?

உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. உங்கள் பொறியியலாளர் நேர்மையாக வேலை செய்தவர், அத்திவாரத்தில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் முதலில் உங்களுக்கே எழுதுகிறேன். தயவுசெய்து என் மூல வரைபடத்தை உடனே திருப்பித் தாருங்கள். புதிய விண்ணப்பத்தை உங்கள் செலவில் போட்டு, சபை தரும் பற்றுச்சீட்டின் பிரதியை என் கையில் தாருங்கள். வாங்கிய நீடிப்புக் கட்டணத்தையும் பழுதான சீமெந்தின் விலையையும் தர வேண்டும். அந்தத் தம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் மத்தியஸ்த சபைக்கும் போவேன். அங்கேயும் தீராவிட்டால் நீதிமன்றம். பற்றுச்சீட்டும் சபையின் பதிலும் பிரதி எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன். நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
இணுவில்.

பி.கு.: தொலைபேசியில் பேச வேண்டாம். இனி எதுவானாலும் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.