துப்பாக்கியைக் கொடுத்த கையோடு குடியுரிமையையும் கொடுங்கள்

அமெரிக்கக் காங்கிரசில் இருக்கும் இந்திய வம்சாவளி உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலர் இந்த நாட்டில் பிறந்தவர்கள் அல்ல. என்னைப் போலவே வெளியிலிருந்து வந்து, அப்புறம் குடியுரிமை பெற்றவர்கள். அதனால்தான் மற்றவர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். அமெரிக்க ராணுவத்தில் சேரும் வெளிநாட்டவர்களைப் பற்றிய விஷயம் இது.

பகத் சிங் திண்டின் வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பஞ்சாபிலிருந்து 1913-இல் இங்கு வந்தவர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918-இல் ராணுவத்தில் சேர்ந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் குடியுரிமை கொடுத்தார்கள். வெள்ளையர் இல்லை என்று சொல்லி நான்கே நாளில் பறித்தும் கொண்டார்கள். 1920-இல் ஓரிகன் மாநிலத்தில் மறுபடி கிடைத்தது. 1923-இல் உச்ச நீதிமன்றம் அதற்கும் எதிராகத் தீர்ப்பு சொன்னது. முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆசியர்களுக்காகக் காங்கிரஸ் 1935-இல் தனிச் சட்டம் போட்ட பிறகுதான், 1936-இல், அவர் குடிமகனானது நிலைத்தது. நீதிமன்றம் கைவிட்டவரைத் தூக்கி நிறுத்தியது நீங்கள் இன்று உட்கார்ந்திருக்கும் அதே மன்றம்தான்.

இன்றைய சட்டத்தில் நிறவெறி இல்லை. சொல்லப்போனால் காகிதத்தில் அது தாராளமாகவே இருக்கிறது. 2002 ஜூலையில் அதிபர் புஷ் போட்ட ஆணைப்படி, 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு படையில் நேர்மையாகப் பணியாற்றியவர், ஒரு நாள் பணி என்றாலும், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. இந்த வழியில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் குடிமக்களாகியிருக்கிறார்கள்.

சிக்கல் 'விண்ணப்பிக்கலாம்' என்பதில் இருக்கிறது. படையில் சேர்ந்தால் குடியுரிமை தானாக வருவதில்லை. நேர்மையாகப் பணியாற்றினார் என்று ராணுவம் தனிப் படிவத்தில் சான்றளிக்க வேண்டும். குடியேற்றத் துறைக்குத் தனி விண்ணப்பம், கைரேகை, நேர்காணல் எல்லாம் உண்டு. இதற்கு நடுவே ஆளை வேறு முகாமுக்கோ வேறு நாட்டுக்கோ அனுப்பிவிடுவார்கள். படையில் சேரும்போது எடுத்த உறுதிமொழியோடு தாங்கள் குடிமக்களாகிவிட்டதாகவே நம்பியவர்கள் நிறைய. ஆள் சேர்த்த அதிகாரியே அப்படிச் சொன்னார் என்று பலர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் எங்கள் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. 2009-இல் ஆட்களை எடுக்கத் தொடங்கிய 'மாவ்னி' திட்டம், கிரீன் கார்டு இல்லாத, சட்டப்படி இங்கே தங்கியிருந்த மருத்துவர்களையும் மொழி தெரிந்தவர்களையும் படைக்கு அழைத்தது. பாதுகாப்புத் துறையான பென்டகன் தேடிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். 2016-இல் பாதுகாப்புச் சோதனைகளைக் கடுமையாக்கி, புதிதாக ஆள் எடுப்பதையும் நிறுத்தினார்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் பயிற்சிக்கான அழைப்புக்காகக் காத்துக் கிடந்தார்கள். அதற்குள் சிலருடைய விசா காலாவதியானது. வேறொரு நாட்டின் படையில் சேர ஒப்பந்தம் போட்டுவிட்டு எந்த முகத்தோடு ஊர் திரும்புவது என்று பயந்து புகலிடம் கேட்டவர்களும் உண்டு. 2017 அக்டோபரில் பென்டகனிடமிருந்து இன்னொரு குறிப்பாணை வந்தது. நேர்மைச் சான்று வேண்டுமானால் குறைந்தது 180 நாள் பணி முடித்திருக்க வேண்டும் என்றது. வழக்குப் போட்டார்கள், 2020-இல் தீர்ப்பு வீரர்கள் பக்கம் வந்தது. ஒரு செயலர் கையெழுத்தில் இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற ஒன்றை நம்பி எந்தப் பிள்ளையைப் படைக்கு அனுப்புவது?

அடுத்தது, குடியுரிமை பெறாமலே இருந்துவிட்டதால் நாடு கடத்தப்பட்ட முன்னாள் வீரர்கள். ஹெக்டர் பராஹாஸ் ஏழு வயதில் மெக்சிகோவிலிருந்து வந்தவர், 82-வது வான்வழிப் படைப்பிரிவில் இருந்தவர். துப்பாக்கிச் சூடு தொடர்பான குற்றத்துக்குச் சிறை சென்றார். தண்டனை முடிந்ததும் நாடு கடத்தினார்கள். டிஹுவானாவில், தன்னைப் போன்றவர்களுக்காக ஒரு விடுதி தொடங்கினார். கலிஃபோர்னியா ஆளுநர் 2017-இல் மன்னிப்பு வழங்க, 2018-இல் குடிமகனாகத் திரும்பினார். ஆளுநரின் மன்னிப்பு எத்தனை பேருக்கு வாய்க்கும்? 2013 முதல் 2018 வரையிலான நிதியாண்டுகளில் ஏறத்தாழ 250 முன்னாள் வீரர்கள் மீது நாடு கடத்தும் நடவடிக்கை எடுக்கப்பட்டது, 92 பேர் வெளியேற்றப்பட்டார்கள் என்று அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2019-இல் சொன்னது. முன்னாள் வீரர் என்றால் கூடுதல் கவனத்தோடு பரிசீலிக்க வேண்டும் என்ற தன் சொந்த விதியையே, நாடு கடத்தும் வேலையைச் செய்யும் குடியேற்ற அமலாக்கத் துறையான 'ஐஸ்' ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், உயிரோடு உள்ளே வர முடியாத இவர்களில் பலருக்கு, செத்த பிறகு இங்குள்ள ராணுவக் கல்லறையில் மரியாதையோடு இடம் உண்டு.

குற்றவாளிகளுக்குப் பரிந்து பேசுகிறாயா என்று கேட்பார்கள். தண்டனையைக் குறைக்கச் சொல்லவில்லை. அதே குற்றத்தைச் செய்த, இங்கே பிறந்த வீரர் சிறையிலிருந்து வீட்டுக்குப் போகிறார். இவரை மட்டும் ஏன் இன்னொரு முறை தண்டிக்க வேண்டும்? குடியுரிமை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்ற பயத்துக்கும் இடமில்லை. ஐந்து ஆண்டு முடியும் முன் அவமதிப்போடு வெளியேற்றப்பட்டால் குடியுரிமையைத் திரும்பப் பெறச் சட்டத்தில் ஏற்கெனவே வழி இருக்கிறது.

குடியுரிமைக்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்வது சரிதானா என்ற கேள்வி எனக்கும் உறுத்துகிறது. ஏழைப் பிள்ளைகள்தான் அந்த விலையைக் கொடுப்பார்கள். குவாத்தமாலாவிலிருந்து அநாதையாக வந்த ஹோசே அன்டோனியோ குட்டியரெஸ் 2003 மார்ச் 21-இல் இராக்கில் இறந்தார். குடியுரிமை அதற்குப் பிறகே வந்தது. ஆனால் அந்த உறுத்தலைக் காரணம் காட்டி, விலையை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்காமல் இருப்பது இன்னும் மோசம்.

நான் கேட்பது இதுதான். சோதனைகளை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் வையுங்கள், ஆனால் ஆளை எடுக்கும் முன்பே முடித்துவிடுங்கள். அடிப்படைப் பயிற்சி முடியும் நாளில் குடியுரிமை உறுதிமொழியையும் எடுக்க வையுங்கள். விண்ணப்பம் போடும் பொறுப்பு படையுடையதாக இருக்கட்டும். ஏற்கெனவே வெளியேற்றப்பட்டவர்கள் திரும்பி வந்து வழக்காட வழி செய்யுங்கள்.

முன்னாள் வீரர்களுக்கான தனி மசோதா 2022 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. அதனால் ஆண்டுதோறும் தவறாமல் நிறைவேறும் பாதுகாப்பு அங்கீகார மசோதாவிலேயே இதைச் சேருங்கள். இறந்த வீரர்களின் குடும்பத்துக்குக் குடியேற்றச் சலுகை தந்த 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்த மசோதா வழியாகத்தான் வந்தது. உங்களில் ஒருவரான ரோ கன்னா ஆயுதப்படைக் குழுவில் இருக்கிறார், அவரிடமிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
நியூஜெர்சியிலிருந்து ஒரு தமிழ் வாக்காளர்