ஏ.வி.எம். கால்வாயில் படகு விடும் முன்: குமரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கும், சுற்றுலா, நீர்வளத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கேரளத்தின் பூவாறு முதல் நம் இரையுமன்துறை வரை 11 கி.மீ. ஓடும் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 13-ஆம் எண் தேசிய நீர்வழி. இதில் மெதுவாகச் செல்லும் பயணிகள் படகும், கரையோர ஊர்களில் இரவுத் தங்கலும் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறோம். ஆனால் முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்.

ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் குவித்தால் அடுத்த மழைக்கே உள்ளே சரிந்துவிடும். லாரியில் ஏற்றி அப்புறப்படுத்த வேண்டும். அதன் தண்டும் கிழிந்த வலைத்துண்டும் புரொப்பல்லரில் சுற்றினால் இன்ஜின் நின்றுவிடும், ஆள் இறங்கித்தான் அறுத்தெடுக்க வேண்டும். கடல் வற்றும்போது படகின் அடி சேற்றில் தட்டும், ஏறும்போது தாழ்ந்த பாலத்தில் கூரை இடிக்கும். அதனால் இரண்டடித் தண்ணீரில் மிதக்கிற தட்டை அடிப் படகும் மடக்குகிற கூரையும் வேண்டும். புறப்படும் நேரத்தையும் கடலைப் பார்த்தே குறிக்க வேண்டும். படகுத்துறையும் தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவையாக இருக்கட்டும். கல்படி என்றால் வயதானவர்கள் கால் வைக்கும் இடத்தில்தான் பாசி பிடிக்கும்.

படகை எந்தக் காரணம் கொண்டும் பொழிமுகத்துக்கு, அதாவது தண்ணீர் கடலில் சேரும் வாய்க்கு, வெளியே விடாதீர்கள். ஆனி, ஆடியில் அங்கே அலை மடங்கி விழும். கடல் தொழில் தெரிந்தவர்களுக்கே அது ஆபத்து.

2009-இல் தேக்கடியில் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் படகு சாய்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகை இரண்டு தட்டாக மாற்றி, அளவுக்கு மீறி ஆளேற்றி, இருட்டிய பிறகு ஓட்டியதில் 22 உயிர்கள் போயின. ஆகவே மேல்தட்டே வேண்டாம். இருக்கைக்கு மேல் ஒருவரையும் ஏற்றக் கூடாது. குழந்தைகளுக்குத் தனி அளவில் உயிர்காப்பு உடை இருக்கட்டும், அதைத் துறையிலேயே மாட்டிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். சூரியன் மறையும் முன்பே கடைசிப் படகு கட்டப்பட வேண்டும்.

தங்கும் வீடுகளில் முக்கியமானது கழிவறை. இது மணல் பூமி. உறைக்குழியில் விட்டால் கழிவு பக்கத்துக் கிணற்றுக்கு ஊறிவிடும்; அடிப்பகுதி பூசிய தொட்டி கட்டி, லாரி வந்து உறிஞ்சியெடுக்க ஏற்பாடு செய்யுங்கள். சில கிணறுகளில் கோடையில் உப்பேறும் என்பதால் குடிநீருக்குத் தனி வழி தேவை. சாப்பாட்டுக்கு மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் மீன்கறியும் சம்பா அரிசிச் சோறும் போதும், நட்சத்திர விடுதிச் சமையல் தேவையில்லை. அறை வாடகை நேராக வீட்டுக்காரர் கணக்கில் சேரட்டும். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் உறங்கும் ஊர் இது. இரவு ஒன்பதுக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதை முன்பதிவுச் சீட்டிலேயே அச்சிடுங்கள்.

வரும் மழைக்காலம் முடிந்ததும் ஆழம் அளந்து, பாலங்களின் உயரம் குறித்து, அந்த வரைபடத்தை ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுங்கள். படகுக்கான ஒப்பந்தத்தை அதன் பிறகு கோருங்கள்.

இப்படிக்கு,
கால்வாய்க் கரை ஊர்க்காரர்கள்