டேர்ம் முடிவுக் கடிதம் (கேட் முன்னாடி வண்டி நிறுத்தறது பத்தியும்)

அன்பான பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த டேர்ம் நல்லபடியா முடிஞ்சுது. ஸ்போர்ட்ஸ்ல பசங்க கப் வாங்கிட்டு வந்தாங்க, அறிவியல் கண்காட்சி நல்லா நடந்துச்சு, லைப்ரரிக்குப் புதுப் புத்தகம் வந்திருக்கு, ரிசல்ட்டும் போன தடவைக்குப் பரவாயில்ல. உழைச்ச எல்லாருக்கும் பாராட்டுகள். ரிப்போர்ட் கார்டுல கையெழுத்துப் போட்டு மறக்காம திருப்பி அனுப்பிடுங்க.

இப்ப இன்னொரு விஷயம், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

டேர்ம் ஆரம்பத்துல பருவநிலை மாற்றம் பத்தி ஒரு பேச்சுப் போட்டி வச்சோம். பசங்க பிரமாதமா பேசினாங்க, ஆனா கிட்டத்தட்ட எல்லாப் பேச்சும் ஒரே இடத்துலதான் போய் நின்னுச்சு, பூமி அழியப்போகுது, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. முடிஞ்சதும் நாலாங்கிளாஸ் குழந்தை ஒண்ணு டீச்சர் கையைப் புடிச்சுக்கிட்டு, "மிஸ், நான் பெரியவளாகுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுமா?"ன்னு கேட்டிருக்கா. வளர்ந்த பசங்களும் இப்படித்தான் இருக்காங்க. 2021-ல 10 நாடுகள்ல, 16 வயசுலேர்ந்து 25 வரைக்கும் உள்ள 10,000 பேர்கிட்ட எடுத்த ஆய்வுல 59 சதவீதம் பேர் இதை நினைச்சு ரொம்பவே கவலைப்படறதா சொன்னாங்க, 45 சதவீதத்துக்கு மேல அந்தக் கவலை தினசரி வாழ்க்கையையே பாதிக்குதுன்னாங்க.

அதுக்காக ஒண்ணுமில்லன்னு பொய் சொல்லவும் நாங்க தயாரா இல்ல. காத்துல கார்பன் டை ஆக்சைடு தொழிற்புரட்சிக்கு முன்னாடி பத்து லட்சத்துல 280 பங்கு, இப்ப 420-ஐத் தாண்டிடுச்சு, அதைக் கிளாஸ்ல சொல்லத்தான் செய்யறோம். ஆனா அந்தப் பாடத்தை அங்கயே நிறுத்தறது இல்ல. ஓசோன் படலத்துல ஓட்டைன்னு நாம படிச்சோமே, 1987-ல மான்ட்ரியல்ல ஒப்பந்தம் போட்டு அந்தப் படலத்தை அரிக்கற ரசாயனங்களை உலகமே கைவிட்டதால அது இப்ப மெல்ல சரியாகிக்கிட்டு வருது. பூமி சூடாகறதைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2015-ல போட்ட பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முன்னாடி, இந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள தொழிற்புரட்சிக்கு முன்னாடி இருந்ததை விட 4 டிகிரி பக்கம் சூடு ஏறும்னு கணக்கு போட்டாங்க, இப்ப நடைமுறையில இருக்கற கொள்கைகளை வச்சுப் பார்த்தா 3-க்குக் கீழ வருது. அதுவும் ஆபத்துதான், இலக்கு 1.5 டிகிரி, நாம இன்னும் தூரத்துலதான் இருக்கோம். இருந்தாலும் கணக்கு மாறினது தானா மாறல, மனுஷங்க செஞ்ச வேலையாலதான் மாறிச்சு. அதனால இனிமே யார் மேடையேறினாலும் சரியாப் போன ஒரு விஷயத்தையும், தான் செய்யப்போற ஒரு வேலையையும் சேர்த்துச் சொல்லணும்னு வச்சோம்.

அங்கதான் கேட் கதை வருது. ஏழாங்கிளாஸ் பசங்க, எங்க வேலையை ஸ்கூல் வாசல்லயே ஆரம்பிக்கறோம்னாங்க. சாயங்காலம் நோட்டுல ரெண்டு பக்கமா பிரிச்சு, இஞ்சின் ஓடிக்கிட்டிருக்கற வண்டி ஒரு பக்கம், ஆஃப் பண்ண வண்டி இன்னொரு பக்கம்னு கோடு கோடா போட்டுக் குறிச்சாங்க. எந்தப் பக்கம் நிறைஞ்சிருக்கும்னு நான் சொல்லணுமா என்ன. 10 விநாடிக்கு மேல நிக்கப்போறோம்னா ஆஃப் பண்ணித் திரும்ப ஸ்டார்ட் பண்றதுதான் பெட்ரோல் மிச்சம், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ பக்கம் கார்பன் டை ஆக்சைடு வருது, அதோட சைலன்ஸர் புகை சின்னப் பிள்ளைங்க மூக்குக்குப் பக்கத்துலயே போகுது. இதனால உலகச் சூடு குறைஞ்சிடுமாடான்னு ஒரு பையனைச் சும்மா சீண்டிப் பார்த்தேன். "இதுக்கெல்லாம் பனிமலை உருகறது நிக்காது சார், ஆனா யூகேஜி வரிசைல புகை வராது"ன்னான். எனக்கு அதுக்கு மேல கேக்கத் தோணல.

அப்புறம் பசங்க, நிக்கற வண்டியை ஆஃப் பண்ணச் சொல்ற அட்டையைப் புடிச்சுக்கிட்டு கேட் பக்கத்துல நிக்க ஆரம்பிச்சாங்க. வெயில் ஜாஸ்தி, வண்டியில கைக்குழந்தை இருக்கு, ஏசி இல்லாம முடியாதுன்னு சிலர் சொன்னீங்க, புரியுது, அந்த மாதிரி வண்டிங்களை யாரும் ஒண்ணும் சொல்லல. பலபேர் பசங்க அட்டையைக் காட்டினதும் சிரிச்சுக்கிட்டே ஆஃப் பண்ணீங்க. ஆனா போன வாரம் ஒரு பிள்ளை அட்டையைப் புடிச்சுக்கிட்டு நின்னப்ப, கண்ணாடியை இறக்கி, "முதல்ல மார்க் வாங்கு, அப்புறம் உலகத்தைக் காப்பாத்தலாம்"னு சத்தம் போட்டிருக்காங்க, பின்னாடி வண்டியில இருந்தவங்களும் சேர்ந்து சிரிச்சிருக்காங்க. அந்தப் பிள்ளை மறுநாள் அட்டையைத் தொடவே இல்ல.

இதை நேரடியாவே சொல்லிடறேன். இந்த ஸ்கூல் வாசல்ல எந்தக் குழந்தையையும் எந்தப் பெரியவங்களும் இப்படிப் பேசக் கூடாது. குறை இருந்தா ஆபீஸுக்கு வந்து என்கிட்ட சொல்லுங்க, எவ்வளவு கோபமா வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன். பயந்துக்கிட்டு இருந்த பசங்க இப்பத்தான் ஏதோ ஒண்ணு செய்யறோம்னு நிமிர்ந்து நிக்கறாங்க, அதுல போய் தண்ணி ஊத்தாதீங்க.

பசங்ககிட்டயும் பேசிட்டேன். யார் கண்ணாடியையும் தட்டக் கூடாது, வண்டி நம்பரை எழுதி வைக்கக் கூடாது, யாரையும் அவமானப்படுத்தற மாதிரி ஒரு வார்த்தை வரக் கூடாது, எப்பவும் ஒரு டீச்சரோடதான் நிக்கணும். பெரியவங்களுக்குப் பாடம் எடுக்கறதுல சில பேருக்கு ஆர்வம் கொஞ்சம் ஓவரா இருக்குங்கறதும் உண்மைதான், வீட்டுலயும் உங்களை லைட் ஆஃப் பண்ணு, ஃபேன் ஆஃப் பண்ணுன்னு படுத்தறாங்கன்னு கேள்விப்பட்டேன். வீட்டுல இந்தப் பேச்சு வந்தா அஞ்சு நிமிஷம் உக்காந்து கேளுங்க, பதில் தெரியலன்னா சேர்ந்து தேடலாம்னு சொல்லுங்க, அது போதும்.

கேள்விப்பட்ட அன்னைக்கே போன் பண்ணி அந்தப் பிள்ளைக்காக வருத்தப்பட்ட பெற்றோர்களுக்கும், கொஞ்ச தூரத்துலயே வண்டியை நிறுத்திட்டு நடந்து வர்றவங்களுக்கும், வெயில்ல பசங்களோட நின்ன டீச்சர்களுக்கும் மனசார நன்றி. அடுத்த டேர்ம்லேர்ந்து உள்பக்கம் நிழல்ல பெஞ்ச் போடறோம், சீக்கிரம் வந்தா வண்டியை ஆஃப் பண்ணிட்டு அங்க வந்து உக்காருங்க. லீவு நல்லபடியா போகட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்