பதாகை அடிக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ளவர்களே,

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று மட்டும் வீதியின் இரண்டு பக்கமும் உங்கள் கைவேலைதான். கடைப் பெயர்ப்பலகை, ரியூஷன் விளம்பரம், திருவிழா வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி என்று எதை எடுத்தாலும் இப்போது ஒரே வகை எழுத்து: நல்ல தடிப்பாக, வளைவே இல்லாமல் மூலை மூலையாக வெட்டிய எழுத்து.

எனக்கும் அது பிடிக்கும். தமிழ் என்றால் உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அந்தக் காலத்தில் கல்லில் வெட்டிய தமிழ்ப் பிராமி எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் கோடும் கோணமும்தான். இன்றைக்கும் ட, ப இரண்டும் நேர்கோட்டில் நிற்கின்றன, ம-வில் பாதியும் அப்படித்தான். ‘மட்டக்களப்பு’ என்று அந்த எழுத்தில் அடித்துப் பாருங்கள், செதுக்கி வைத்தது மாதிரி இருக்கும். உதைபந்தாட்டக் கழக ஜேர்சிக்கும் மேடைத் தலைப்புக்கும் தாராளமாகப் போடுங்கள்.

அதே எழுத்தில் ‘களுவாஞ்சிகுடி’ அடித்தால்தான் பிரச்சினை தெரியும். ளு, ஞ் எல்லாவற்றிலும் சுழி சதுரமாகி, உள்ளே இருக்கிற வெள்ளை அடைபட்டுப் போகிறது. தடிப்பு கூடக்கூட முதலில் போவது அந்த வெள்ளைதான். அது இல்லாவிட்டால் மூன்று சுழி ண எது, இரண்டு சுழி ன எது என்று வீதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரால் சொல்ல முடியும்? புள்ளியும் எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்கிறது.

அப்புறம், இடம் மிஞ்சினால் எழுத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறீர்களே, அதை விட்டுவிடுங்கள். இழுத்தால் நிற்கிற கோடு மட்டும் தடிக்கும், படுத்த கோடு அப்படியே இருக்கும். எல்லாக் கோடும் ஒரே தடிப்பில் உள்ள எழுத்தில் இந்தக் கோணல் உடனே கண்ணில் குத்தும். அகலம் வேண்டுமென்றால் ‘அனெக் தமிழ்’ மாதிரி ஒடுக்கம் முதல் அகலம் வரை தனித்தனியாக வரைந்த எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. கோண எழுத்து அல்ல, ஆனாலும் தடிப்பில் நன்றாக நிற்கும். அது யூனிகோட் எழுத்துரு என்பதால், பாமினி என்ற பழைய முறை எழுத்துருவில் அடித்ததை மாற்ற வேண்டியிருக்கும். அது உங்களுக்குப் புது வேலையா என்ன?

கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் தயவுசெய்து இந்த எழுத்து வேண்டாம். அது சத்தம் போடுகிற எழுத்து. செத்தவீட்டு வாசலில் தொங்கும் பெயர் தள்ளுபடி விற்பனை அறிவிப்பு மாதிரி கத்தக் கூடாது. இரத்ததான முகாம் என்றால் தலைப்பு அதில் இருக்கட்டும். திகதி, நேரம், இடம், தொலைபேசி இலக்கம் எல்லாம் சாதாரண எழுத்தில் வரட்டும். சின்ன அளவில் கோண எழுத்தை வாசிக்கவே முடியாது.

வாடிக்கையாளர்தான் கேட்கிறார் என்பீர்கள். சரி, அச்சுக்குப் போகுமுன் ஒரு ஏ4 தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அவரைக் கடைக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நிற்கவைத்து, உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கினால் எழுத்தை மாற்றச் சொல்லி அவரே கேட்பார்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து ஒரு வாசகன்