அந்தச் சீட்டி ஆர்னல்டுடையது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் பழைய ஆங்கிலப் படங்களின் இசையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில் போர்க்கைதிகள் சீட்டியடித்துக்கொண்டே முகாமுக்குள் நடந்து வருவார்களே, அந்த மெட்டை மால்கம் ஆர்னல்டு அமைத்தார் என்று அதில் எழுதியிருந்தது. அது சரியல்ல. முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு பேண்டு சொல்லிக்கொடுத்த எனக்கு, இதை அப்படியே விட மனம் வரவில்லை.

அந்த மெட்டின் பெயர் ‘கர்னல் போகி’. ரிக்கெட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ பேண்டு மாஸ்டர், கென்னத் ஆல்ஃபர்டு என்ற புனைபெயரில் 1914-இல் வெளியிட்ட மார்ச், அதாவது அணிவகுப்பு இசை அது. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் அதற்குக் கெட்ட வார்த்தைகளைக் கட்டிப் பாடித் திரிந்தார்கள். அந்த வரிகளைப் படத்தில் வைக்க வழியில்லை. சீட்டியாகவே வைத்தார் இயக்குநர் டேவிட் லீன். ஆர்னல்டின் வேலை அதற்கு மேலே இருக்கிறது. சீட்டி போய்க்கொண்டிருக்கும்போதே அதோடு சேர்ந்து ஓடுகிற இன்னொரு மார்ச்சைப் புதிதாக எழுதி அதன்மேல் ஏற்றினார். அதுதான் ‘ரிவர் குவாய் மார்ச்’. இரண்டையும் தனித்தனியாக வாசிக்கலாம், ஒன்றாகவும் வாசிக்கலாம், எங்கேயும் இடிக்காது. படத்தின் மொத்த இசைக்கும் அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய பத்தே நாள். 1958-இல் அதற்கு ஆஸ்கார் விருது வந்தது.

1921-இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் பிறந்தவர் ஆர்னல்டு. பன்னிரண்டு வயதில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் வாசித்ததைக் கேட்டுவிட்டு டிரம்பெட்டைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டாவது வயதிற்குள் லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் முதல் டிரம்பெட் நாற்காலி அவருடையது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், ஒன்பது சிம்பொனிகள். படத்துக்கு எழுதுகிறவர்தானே என்று லண்டன் விமர்சகர்கள் பல காலம் அவரை இளக்காரமாகவே பார்த்தார்கள். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. வாசிக்கிறவனின் உதடு எந்த இடத்தில் களைத்துப்போகும், எங்கே இரண்டு தாளக்கட்டு ஓய்வு கொடுத்தால் அடுத்த உச்ச ஸ்வரத்தைப் பிடிப்பான் என்பதெல்லாம், தானே ஊதிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அவருடைய பித்தளை வாத்தியப் பகுதிகளைத் திறந்து பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கரிசனம் இருக்கும்.

அவர் 1963-இல் பித்தளை வாத்தியங்கள் மட்டும் கொண்ட பிராஸ் பேண்டுக்காகச் சின்னத் தொகுப்பு ஒன்று எழுதினார். அதை அமெரிக்காவின் ஜான் பெய்ன்டர் பிற்பாடு ஃபுளூட், கிளாரினெட் எல்லாம் சேர்ந்த முழு பேண்டுக்கு மாற்றி அமைத்தார். ‘பிரிலூட், சிசிலியானோ அண்ட் ரோண்டோ’ என்ற பெயரில் பள்ளிகளில் இன்றைக்கும் வாசிப்பது அதைத்தான். ஒரு வருடம் மாநிலப் போட்டிக்கு என் பிள்ளைகளுக்கு அதை எடுத்தேன். முதல் பகுதியான பிரிலூட் தாம்தூம் என்று ஆரம்பிக்கும். பையன்களுக்கு அது ஒரே கொண்டாட்டம். ஆனால் முடிவில் அதே ஆரம்பம் மெல்லத் திரும்பி வந்து, தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போக வேண்டும். அங்கேதான் தடுமாறினோம். பலமாக ஊது என்றால் டிரம்பெட் பையன்கள் உயிரைக் கொடுத்து ஊதுவார்கள். மெல்ல ஊது என்றால் ஸ்வரமே அறுந்துவிடும். அப்புறம் தினமும் பயிற்சிக்கு முன்னால் ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து, சுவரில் வைத்து ஊதும் காற்றாலேயே அது விழாமல் நிறுத்திப் பிடிக்கச் சொன்னேன். ஆறு வாரம். போட்டி நாளன்று பிரிலூடின் கடைசி ஸ்வரம் அடங்கியபோது மண்டபத்தின் மின்விசிறிச் சத்தம் காதில் விழுந்தது. எத்தனையாவது இடம் வந்தோம் என்பதைக்கூட மறந்துவிட்டேன், அந்த விசிறிச் சத்தம் மறக்கவில்லை.

அவருடைய ‘பேட்ஸ்டோ லைஃப்போட்’ மார்ச்சையும் சொல்ல வேண்டும். கார்ன்வால் கடற்கரையில் அவர் குடியிருந்தபோது அந்த ஊர் உயிர்காப்புப் படகுக்காக எழுதியது. பக்கத்துக் கலங்கரை விளக்கத்தின் மூடுபனி ஊதுகுழல் ‘சி’ ஸ்வரத்துக்கும் ‘டி’ ஸ்வரத்துக்கும் நடுவே ஊசலாடுமாம், மார்ச்சில் அதை ‘டி’யிலேயே நிறுத்திவைத்தார். ஜோராகப் போகிற மெட்டுக்குள் சம்பந்தமே இல்லாமல் அது வந்து பாம் என்று நிற்கும். பிள்ளைகளுக்கு உயிர்.

இவ்வளவு சிரிப்பை எழுதியவர் மனநோயால் வருடக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். மீண்டு வந்துதான் 1986-இல் ஒன்பதாம் சிம்பொனியை முடித்தார். 2006-இல் காலமானார்.

கடைசியாக ஒரு சொந்த விஷயம். என் அம்மாவின் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்கு, அதாவது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குத் தண்டவாளம் போடும் வேலைக்கு, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. படத்தில் கைதிகள் பாலம் கட்டுவதும் அந்தப் பாதைக்குத்தான். அப்போது அம்மாவுக்கு ஆறு வயது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளி விளையாட்டு விழாவில் எங்கள் பேண்டு ‘ரிவர் குவாய் மார்ச்’ வாசித்தது. திடலோரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, “நல்லா இருக்குய்யா, என்ன பாட்டு இது?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உங்க தாத்தா போட்ட ரயிலா?” என்றார்.

அந்தப் படத்தை எடுத்தது சயாமில் இல்லை, இலங்கையில், கித்துல்கலைப் பக்கம் களனி ஆற்றில். படத்தில் எங்கள் தோட்டத்து ஆட்கள் ஒருவர்கூட இல்லை. 415 கிலோமீட்டர் பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் வெள்ளைக்காரக் கைதிகளைப் போலப் பல மடங்கு. அந்தக் குறையை இசையமைத்தவர் தலையில் நான் வைக்க மாட்டேன். அவருடைய அண்ணனும் விமானப்படையில் இருந்து அதே போரில் செத்தவர்தான். அம்மா கேட்ட அந்த நாளுக்குப் பிறகு, அந்த மார்ச்சின் தாளை எந்தப் பையன் கையில் கொடுத்தாலும் முதலில் சயாம் ரயிலைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் ஊதச் சொன்னேன்.

திருத்தத்தை வெளியிடுங்கள். முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். தண்டவாளத்தின் இரு முனைகளும் சேர்ந்தது 1943 அக்டோபர் 17. ஆர்னல்டு பிறந்தது அக்டோபர் 21. வரும் அக்டோபரில் அந்த வாரத்து ஞாயிறு மலரில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு நான் எழுதிவைத்திருக்கும் நோட்டுப் புத்தகங்கள் இரண்டு இருக்கின்றன, அனுப்பித் தருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பள்ளி பேண்டு ஆசிரியர்,
தைப்பிங், பேராக்